வேலை செய்ய முடியுமா, முடியாதா? காயம், உடற்குறைக் கோரிக்கை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலையிட விபத்து, முதுகுவலி, பக்கவாதம் என்று காரணம் எதுவானாலும், கோரிக்கைத் தாளோடு வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். சிங்கப்பூர் நடைமுறையை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"இந்த வேலை இனி வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு இன்னொரு மதிப்பீடு?"

டாக்டரின் அறிக்கை நோயைச் சொல்லும். 'இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு வட்டு விலகியிருக்கிறது' என்று படிப்பவருக்கு, நீங்கள் எத்தனை கிலோ தூக்குவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பது தெரியாது. அதே ஸ்கேன் படம் உள்ள கிளார்க் மறுவாரம் வேலைக்குப் போய்விடலாம். கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிறவருக்கு அது நடக்காது. உடம்புக்கு இப்போது என்ன முடியும் என்று ஒரு தாள், வேலை என்ன கேட்கிறது என்று இன்னொரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலைத் திறன் மதிப்பீடு.

டாக்டரிடம் 'வேலைக்குத் தகுதியில்லை' என்று மொத்தமாக எழுதி வாங்காதீர்கள். 'ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்' என்று எல்லைகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதிய நான்கு வரிக்கு, பத்துப் பக்க அறிக்கையைவிட மதிப்பு அதிகம்.

"மனிதவள அமைச்சு, சிபிஎஃப், இன்ஷூரன்ஸ்... எல்லாத்துக்கும் அதே ரிப்போர்ட்டை அனுப்பலாமா?"

அனுப்பினாலும் அது மட்டும் போதாது; ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி வேறு. மனிதவள அமைச்சு கவனிக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், உடல் உறுப்பு எத்தனை விழுக்காடு செயலிழந்தது என்பதே கேள்வி. கடும் உடற்குறைக்கு மாதத் தொகை தரும் கேர்ஷீல்டு லைஃப் திட்டம் வேலையைப் பற்றிக் கேட்பதேயில்லை. குளிக்க, உடுத்த, சாப்பிட உதவி வேண்டுமா என்று பார்க்கிறது. சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சேமிப்பை மருத்துவக் காரணத்துக்காக முன்கூட்டியே எடுப்பதற்கான காரணங்களில் ஒன்று, இனி எந்த வேலையையும் செய்ய முடியாத நிலை. குடும்பப் பாதுகாப்புக்காக சிபிஎஃப் வழியாக எடுத்திருக்கும் டிபிஎஸ் காப்புறுதியும், வீட்டுக் கடனுக்கான எச்பிஎஸ் காப்புறுதியும் மரணத்தோடு முழு நிரந்தர உடற்குறைக்கும் பணம் தரும். டிபிஎஸ் தொகை 60 வயது வரை 70,000 வெள்ளி, அதன்பின் 65 வரை 55,000 வெள்ளி.

தனியார் பாலிசியில் 'சொந்தத் தொழில்', 'எந்தத் தொழிலும்' என்ற இரண்டு சொற்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சொந்தத் தொழில் என்றால் நீங்கள் செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமல் போனாலே போதும். எந்தத் தொழிலும் என்றால் வேறு வேலைக்கும் லாயக்கில்லை என்று காட்ட வேண்டும். பாலிசியில் பொருள்விளக்கம் என்ற பகுதியைத் தேடிப் படித்துவிட்டு அறிக்கை வாங்கப் போங்கள்.

"ஃபாரத்துல தொழில்னு ஒரே ஒரு கோடுதான் இருக்கு. ஜெனரல் வொர்க்கர்னு போட்டா போதாதா?"

போதாது. பல கோரிக்கைகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். ஜெனரல் வொர்க்கர் என்ற பெயரில் கம்பி கட்டுகிறவரும் இருக்கிறார், ஸ்டோரில் சாமான் எண்ணுகிறவரும் இருக்கிறார். படிப்பவர் எளிதான வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று அந்தக் கோட்டில் எழுதி, தனித்தாளில் வேலையை விவரியுங்கள்.

கம்பி கட்டும் ஒருவரின் தாள் இப்படி இருக்கலாம்: 'நாளுக்கு 10 மணி நேரம், வாரம் 6 நாள். 12 மீட்டர் நீள டி20 (20 மில்லிமீட்டர் விட்டம்) கம்பியை இருவராகத் தோளில் வைத்து ஏறக்குறைய 30 மீட்டர் நடப்பது, ஒரு நாளில் 40 தடவை. குனிந்தோ குத்தவைத்தோ கம்பி கட்டுவது ஐந்து மணி நேரம். வலது கையால் கொக்கியைச் சுழற்றுவது நிமிடத்துக்கு 8 முடிச்சு. படிக்கட்டு, சாரம் ஏறி இறங்குவது 12 தடவை. வெயில்.' சம்பவத்துக்கு முன் நடந்த ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் கஷ்டமான நாளை எழுதினால் முதலாளி மறுத்து ஒரு வரி எழுதினாலே முழுத் தாளும் நம்பகம் இழக்கும்.

நேரத்தைக் குறிக்கும்போது மதிப்பீட்டாளர்கள் பழகிய அளவுகோலைப் பயன்படுத்துவது நல்லது: வேலை நாளில் மூன்றில் ஒரு பங்கு வரை நடந்தால் 'எப்போதாவது', மூன்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை 'அடிக்கடி', அதற்கு மேல் 'தொடர்ச்சியாக'. இது அமெரிக்கத் தொழில் அகராதி ஒன்றிலிருந்து வந்த பழக்கம். சுமையையும் அதே அகராதி, எப்போதாவது தூக்கும் எடையை வைத்துத் தரம் பிரிக்கிறது: உட்கார்ந்த வேலை ஏறக்குறைய 4.5 கிலோ வரை, இலகு வேலை 9 கிலோ வரை, நடுத்தரம் 23 கிலோ வரை, கனம் 45 கிலோ வரை.

"கிலோ கணக்கெல்லாம் நான் எங்கே போய் அளக்கறது?"

பல பொருள்களுக்கு அளக்கவே வேண்டாம். கம்பியின் எடைக்கு விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துத் தன்னோடு பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். டி13 கம்பி மீட்டருக்கு 1.04 கிலோ, 12 மீட்டருக்கு 12.5 கிலோ. டி20 மீட்டருக்கு 2.47 கிலோ, முழு நீளம் 29.6 கிலோ. உணவுக்கடையில் அரிசி மூட்டை 25 கிலோ, எண்ணெய் டின் 17 கிலோ என்று மேலேயே அச்சாகியிருக்கும். கேஸ் சிலிண்டரில் உள்ள வாயு 12.7 கிலோ, காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் பொறித்திருக்கும், இரண்டையும் கூட்ட வேண்டும்.

தள்ளுவதும் இழுப்பதும்தான் சிரமம். ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கும் கைத்தராசு போதும். அதைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டிக் கிடைமட்டமாக இழுத்து, வண்டி நகரத் தொடங்கும்போது ஒரு எண்ணையும் ஓடும்போது ஒரு எண்ணையும் குறியுங்கள். நகரத் தொடங்கும்போது காட்டும் எண்தான் முதுகைப் பிடிக்கும். உங்களால் போக முடியாவிட்டால் கூட வேலை செய்தவரிடம் கேளுங்கள். அலமாரி, மேசை உயரத்தை தரையிலிருந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஒரே 10 கிலோவை இடுப்பு உயரத்தில் தூக்குவதும் தலைக்கு மேல் தூக்குவதும் ஒன்றாகாது.

"நான் எழுதினதை யாரு நம்புவாங்க? ஆதாரம் கேட்பாங்களே?"

2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் வேலை நியமன முக்கிய விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும். கேஇடி என்று ஆபிசில் சொல்வது அதைத்தான். அதில் பதவிப் பெயரோடு முக்கியக் கடமைகளும் இருக்கும். முதலில் அதை எடுங்கள். கூடவே விவரமான சம்பளச் சீட்டு, ஓவர்டைம் காட்டும் நேர அட்டை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள், வேலையிடத்தில் எடுத்த படங்கள். கேஇடியில் 'இதர வேலைகள்' என்று முடித்திருந்தால், அந்த இதர வேலை என்ன என்பதற்கு உடன் வேலை செய்த இருவர் கையெழுத்திட்ட குறிப்பை இணையுங்கள்.

தொழிலுக்கு அரசாங்கப் பட்டியலும் உண்டு. புள்ளிவிவரத் துறை வெளியிடும் தொழில் வகைப்பாடு ஒவ்வொரு வேலைக்கும் ஐந்திலக்க எண் தருகிறது. 7இல் தொடங்கினால் கைவினைத் தொழிலாளர், 8 என்றால் இயந்திரம் இயக்குவோர், 9 என்றால் துப்புரவாளர், கூலி வேலையாளர் வகை. பத்து வருடம் வெல்டிங் செய்தவரை 9இல் தொடங்கும் எண்ணில் போட்டிருந்தால், அவருடைய தேர்ச்சியே கணக்கில் வராமல் போகும். திருத்தச் சொல்லுங்கள். ஆனால் இந்த எண்ணும் பதவிப் பெயர் மாதிரிதான். முன்பு சொன்ன தனித்தாளுக்கு அது ஈடாகாது.

"இழப்பீட்டுக் கணக்குல ஓட்டி சேருமா, பேசிக் மட்டும்தானா?"

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி ஓவர்டைம் சேரும். விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி மாத வருமானத்தைத்தான் எடுப்பார்கள். முதலாளி கட்டும் சிபிஎஃப் பங்கும் போக்குவரத்துப் படியும் சேராது. நிரந்தரச் செயலிழப்புக்கான தொகை: சராசரி வருமானம் × வயதுக்கான பெருக்கெண் × விழுக்காடு. 40 வயதும் அதற்குக் கீழும் பெருக்கெண் 181. வயது ஏற ஏறக் குறைந்து 66இல் 72 ஆகிறது.

முப்பது வயதுக்காரருக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைம் சேர்த்து 1,400 வெள்ளி என்றால் 25,340 வெள்ளி. 900 வெள்ளி பேசிக்கை மட்டும் எடுத்தால் 16,290. வித்தியாசம் 9,050 வெள்ளி, வெறும் நேர அட்டை இல்லாததால். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, முழுச் செயலிழப்பின் உச்ச வரம்பு 346,000 வெள்ளி, கீழ் வரம்பு 116,000. இரண்டையும் உங்கள் விழுக்காட்டால் பெருக்கினால் உங்களுக்கான வரம்பு கிடைக்கும்.

"விரல் போனா எனக்கு வெல்டிங் வேலையே போச்சு. ஆபிஸ்காரருக்கும் அதே பெர்சென்டா?"

இந்தச் சட்டத்தின்படி ஆமாம். விழுக்காட்டை உறுப்பையும் அதன் அசைவு, பலம், உணர்ச்சி இழப்பையும் வைத்து வழிகாட்டி நூலின்படி டாக்டர் நிர்ணயிக்கிறார். தொழில் அதில் வராது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத, வேகமான வழி இது; அந்த வேகத்துக்காகக் கொடுக்கும் விலை இந்தச் சமத்துவம்.

முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க முடியும், தொழிலே போய்விட்டது என்றால் நீதிமன்ற வழக்கு இன்னொரு வழி. அங்கே எதிர்கால வருமான இழப்பு கணக்கில் வரும். நீங்கள் எழுதிய தனித்தாளுக்கு முழு மதிப்பும் அங்கேதான். ஆனால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வழக்குக்கான கெடு பொதுவாக மூன்று வருடம். இழப்பீட்டுச் சட்டக் கோரிக்கைக்கு ஒரு வருடம். முடிவெடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, அவர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பையோ முதலில் அணுகலாம்.

"இன்னும் வலி இருக்கு. ஆறு மாசத்துலயே கணக்கை முடிச்சிடுவாங்களா?"

2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்திலிருந்து ஆறு மாதத்தில் காயம் முழுதாக நிலைபெறாவிட்டாலும் அன்றைய நிலையை வைத்து மதிப்பிட இடமுண்டு. அதனால் அந்த ஆறு மாதத்தில் சிகிச்சைக்கும் பிசியோவுக்கும் ஒழுங்காகப் போன பதிவு இருக்க வேண்டும். பிசியோ அட்டையில் நான்கு வாரம் காலியாக இருந்தால், மீதமிருக்கும் குறைக்குக் காரணம் காயமா, சிகிச்சையை விட்டதா என்ற கேள்வி எழும். வேலை நேரத்தால் போக முடியவில்லை என்றால் அதை கிளினிக் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

"லைட் டியூட்டி சீட்டு குடுத்தாங்க. சைட்டுல போனா அதே வேலைதான்."

லைட் டியூட்டி என்ற இரண்டு சொல் மட்டும் சூப்பர்வைசருக்கு எதையும் சொல்லாது. முதல் பதிலில் சொன்ன எல்லைகள் சீட்டிலேயே இருக்க வேண்டும். காயத்தால் ஒரே ஒரு நாள் எம்சியோ (மருத்துவ விடுப்பு) லைட் டியூட்டியோ கொடுத்தாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்; லைட் டியூட்டி நாட்களுக்கும் காயத்துக்கு முந்தைய வருமானத்தின்படிதான் ஊதியம். எல்லையை மீறி வேலை கொடுத்தால் தேதி, நேரம், எடை மூன்றையும் அன்றே போனில் குறித்து, அடுத்த முறை டாக்டரிடம் சொல்லிப் பதிவாக்குங்கள். ஓரிரு மாதம் கழித்து நினைவிலிருந்து சொன்னால் எடுபடாது.

அரசாங்க மருத்துவமனைகளில் வேலைக்குத் திரும்ப உதவும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். முதலாளியோடு பேசி மாற்று வேலை ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. வார்டிலேயே கேளுங்கள்.

"தெரபிஸ்ட் மூணு மணி நேரம் தூக்கு, தள்ளுன்னு சோதிச்சாங்க. முழு பலத்தையும் காட்டினா 'சரியாயிட்டான்'னு எழுதிட மாட்டாங்களா?"

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயந்து பலத்தை மறைத்தால் நிச்சயம் கெடுதல்தான். செயல்திறன் சோதனையில் கைப்பிடிக் கருவியை ஒவ்வொரு கையிலும் மூன்று முறை அழுத்தச் சொல்வார்கள். உண்மையாக அழுத்துபவரின் மூன்று எண்களும் நெருங்கி வரும். பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றும்போது நடு நிலைகளில் எண் ஏறி, இரு முனைகளில் இறங்கும். எல்லா நிலையிலும் ஒரே எண் வந்தால் முழு முயற்சி இல்லை என்று சந்தேகிப்பார்கள். தூக்கும்போது நாடித் துடிப்பு ஏறுகிறதா, உடல் எப்படி வளைகிறது என்றும் பார்ப்பார்கள். 'முயற்சி முழுமையாக இல்லை' என்று ஒரு வரி வந்துவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் பயனற்றுப் போகும்.

முழு முயற்சி என்றால் வலியைப் பல்லைக் கடித்து அடக்குவது என்று பொருளில்லை. வலி வரும் கணத்தில் எங்கே, எப்படி என்று சொல்லி நிறுத்துங்கள். காலையில் சாப்பிட்ட வலி மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். முக்கியமாக, சோதனை முடிந்த அன்று இரவும் மறுநாளும் உடம்பு எப்படி இருந்தது என்று எழுதித் தெரபிஸ்டுக்கு அனுப்புங்கள். 15 கிலோவை ஒரு தடவை தூக்கியவரால் மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், அவரால் அதை வாரம் ஆறு நாள் செய்ய முடியாது. சோதனை அறையில் தெரியாத உண்மை அது.

"ஒரு நாள் நல்லா இருக்கேன், ஒரு நாள் படுக்கைதான். எந்த நாளைச் சொல்றது?"

இரண்டையும், எண்ணிக்கையோடு. 'கடந்த நான்கு வாரத்தில் 9 நாள் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியவில்லை' என்று சொல்லுங்கள். முதலாளி பார்ப்பதும் வருகைதான். மனச்சோர்வு போன்ற நோய்க்கும் இதேதான் வழி: தொடர்ந்து எவ்வளவு நேரம் கவனம் நிற்கிறது, எத்தனை முறை வேலையைப் பாதியில் விட்டீர்கள், தூக்க மாத்திரையால் காலையில் எத்தனை மணிக்குத் தெளிவு வருகிறது. கிரேன் ஓட்டுகிறவருக்கு அந்தக் கடைசி வரி ஒன்றே போதும்.

"உட்கார்ந்து செய்யற வேலை செய்யலாமேன்னு சொல்லி இன்ஷூரன்ஸ் மறுத்துட்டாங்க. நான் எட்டாம் வகுப்பு."

பாலிசியில் 'கல்வி, பயிற்சி, அனுபவத்துக்கு ஏற்ற' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. எந்தெந்த வேலைகளை நினைத்து மறுத்தார்கள், அந்த வேலைகளின் தேவையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் வந்த பின் ஒவ்வொரு வேலைக்கும் பதில் தயாரியுங்கள்: அந்த வேலைக்கு என்ன படிப்பு, என்ன மொழி, என்ன உரிமம், எத்தனை மணி நேரம் நிற்பது, உங்களிடம் அதில் எது இல்லை. இப்போதைய வேலை விளம்பரங்களையே ஆதாரமாக வைக்கலாம்.

அதிகம் சொல்லப்படுவது செக்யூரிட்டி வேலை. பெயரைக் கேட்டால் நாற்காலி வேலை மாதிரி இருக்கும். அதற்குக் காவல்துறை உரிமமும் பயிற்சியும் வேண்டும். ரோந்து நடக்க வேண்டும். சம்பவ அறிக்கை எழுத வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் அனுமதியில் எழுதிய முதலாளியையும் தொழிலையும் தாண்டி வேலை செய்யவே முடியாது, அதையும் எழுதுங்கள்.

"கொஞ்ச நேரம் வேலை செஞ்சு பார்த்தா, கோரிக்கையே போயிடுமா?"

பாலிசியைப் பொறுத்தது. மாத வருமானம் தரும் காப்புறுதிகளில், குறைந்த சம்பளத்தில் திரும்பியவருக்குப் பகுதித் தொகை தரும் பிரிவு பல சமயம் இருக்கும். 'எந்தத் தொழிலும்' என்று கேட்கும் முழு உடற்குறைக் கோரிக்கையில் நிலைமை வேறு. அங்கே சோதனை வேலையை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். முயன்று தோற்றதற்கும் ஆதாரமாக மதிப்புண்டு: எத்தனை நாள் போனீர்கள், எந்தப் பணியில் நிறுத்தினீர்கள், யார் பார்த்தார்கள். மறைத்துச் செய்துவிட்டுப் பின்னால் தெரியவந்தால், உண்மையான நோயையும் சந்தேகிப்பார்கள்.

"அம்மா வேலைக்கே போனதில்ல. பக்கவாதம் வந்தாச்சு. அவங்களுக்கு ஏதாவது உண்டா?"

கேர்ஷீல்டு லைஃப் அல்லது பழைய எல்டர்ஷீல்டில் இருந்தால் உண்டு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, வீட்டுக்குள் நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் குறைந்தது மூன்றுக்கு மற்றொருவரின் உதவி தேவைப்பட்டால் கடும் உடற்குறை. கேர்ஷீல்டு லைஃப் மாதத் தொகை 2020இல் 600 வெள்ளி, 2025இல் 662. அந்த நிலை நீடிக்கும்வரை வரும். எல்டர்ஷீல்டு தொகையும் காலமும் குறைவு: மாதம் 300 வெள்ளி ஐந்து வருடம், அல்லது 400 வெள்ளி ஆறு வருடம். சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம் போக வேண்டும். நடமாட முடியாதவருக்கு வீட்டுக்கும் வருவார்கள்.

இங்கே கெடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் மானம். 'எல்லாம் நானே பாத்துக்கறேன்மா' என்று மதிப்பீட்டாளரிடம் சொல்லிவிடுவார்கள். சேலை கட்டிவிட்டது மருமகள் என்பது வெளியே வராது. தினமும் பார்த்துக்கொள்பவர் கூடவே இருந்து, எந்த வேலையில் எங்கே கை கொடுக்கிறார் என்று சொல்ல வேண்டும். நல்ல சேலையும் தலைவாரலுமாக ஆயத்தம் செய்து உட்காரவைக்காதீர்கள்.

"எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. கூட வந்த சூப்பர்வைசரே பேசிட்டாரு."

வேலையைப் பற்றி முதலாளி தரப்பு சொல்லலாம். உங்கள் வலியைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சொல் தேர்வில் கவனம்: 'மரத்துப் போகிறது', 'குத்துகிறது', 'இழுக்கிறது', 'எரிகிறது' நான்கும் வெவ்வேறு நரம்புக் கதைகள். எல்லாவற்றையும் 'பெயின்' என்று சுருக்கிவிட்டால் டாக்டர் எந்தச் சோதனையைச் செய்வது என்றே தெரியாமல் போகும். மரத்துப் போகிறது என்றால் எந்த விரல் என்று தொட்டுக் காட்டுங்கள்.

"கணக்கு நோட்டீஸ் வந்துச்சு, பெர்சென்ட் குறைச்சல். கையெழுத்து போடலாமா?"

புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். ஆட்சேபிக்கும் கெடு, இழப்பீட்டுத் தொகையைத் தெரிவிக்கும் அந்த நோட்டீஸிலேயே இருக்கும், அது நாள் கணக்கில்தான், மாதக் கணக்கில் இல்லை. வந்த தேதியை உறையின் மேல் எழுதிவையுங்கள். விழுக்காட்டை ஆட்சேபித்தால் மருத்துவக் குழு மறுபடி பரிசோதிக்கும். குழுவின் எண் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். அதனால் முதல் அறிக்கையில் எது விடுபட்டது என்று குறிப்பாகக் காட்ட முடிந்தால் மட்டும் போங்கள்: அளக்காத மூட்டு, சோதிக்காத உணர்ச்சி, சேர்க்காத இரண்டாவது காயம். வருமானக் கணக்கில்தான் பிழை என்றால் அதைத் தனியாக, சம்பளச் சீட்டுகளோடு ஆட்சேபியுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டும் குழம்பும்.

தனியார் காப்புறுதி மறுப்பு என்றால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, அவர்களின் இறுதிப் பதிலை வாங்கிக்கொண்டு ஃபிட்ரெக் என்ற நிதித்துறைச் சர்ச்சைத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். அங்கே கொண்டு போக வேண்டிய காகிதக் கட்டின் மேலே இருக்க வேண்டியது டாக்டரின் எல்லைகள் எழுதிய தாளும், உங்கள் வேலையை விவரித்த தனித்தாளும்.